வெள்ளிக்கிழமைக்கு முந்தி ஒரு கார்

இன்னொரு தரம் அந்தப் பள்ளத்துல எறக்குங்க தம்பி. இப்படிப் பூப்போல இல்ல. ஸ்கூலுக்கு லேட்டாகி ஓடுற ஆளு எப்படி எறக்குவாங்களோ, அப்படி. ஆ... யா அல்லாஹ்! சரி, சரி, போதும். இடுப்பு தப்பிச்சிது. காலையில வஹகோட்டையில அந்தச் செவப்பு எவோ கார்ல போனப்ப இதவிட சின்னப் பள்ளம், கீழ்ப்பல்லும் மேல்பல்லும் முட்டிக்கிட்டுது. காருக்குக் கொற சொல்லல்ல. அந்தக் காருக்குச் சொந்தக்கார சிங்கள மாத்தயா ரேஸ் ஓடுறதுக்குன்னு ஸ்ப்ரிங்க மாத்திப் போட்டிருக்காரு. ரேஸ் ஓடுறவருக்கு அது சரி. ஒவ்வொரு நாளும் மாத்தளயிலருந்து எல்கடுவைக்கு ஏறி எறங்குறவங்களுக்கு? அதானே இப்ப எனக்குள்ள கேள்வி.

இல்ல இல்ல, ஸ்டேரிங்க நீங்களே வச்சிக்கிங்க ரமேஸ் தம்பி. எனக்கு ஓட்டத் தெரியாமயா? முப்பது வருஷம் லொறி ஓட்டினவன் நான். டவுன்ல மிளகு ஸக்கரியான்னா யாரும் கை காட்டுவாங்க. கை காட்டாட்டியும் கராம்பு வாசத்தப் புடிச்சிக்கிட்டே கடைக்கு வந்துடலாம். விஷயம் என்னன்னா, காலையில அந்த எவோவ நானே ஓட்டினேன், அங்கதான் பிழ பட்டுப் போச்சி. ரெண்டாவது கியர்ல ஒரு மிதி மிதிச்சேன் பாருங்க, அம்பத்து மூனு வயசு மனிசன், வாய்விட்டுச் சிரிச்சிட்டேன். அந்த நிமிஷமே கையெழுத்து வைக்கணும் போல இருந்திச்சி. எனக்குப் புடிச்சிப் போச்சி தம்பி. எனக்குப் புடிச்சி என்ன பிரயோசனம்? ஓட்டப்போறது நானில்லயே.

மகனுக்கா? எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. மகன் இன்ஷாப் கட்டார்ல இருக்கான். அவன்கிட்ட சொன்னதுக்கு, வாப்பா, ரெண்டும் பெற்றோல் குடிக்கிற பேய், ஒரு ஹைபிரிட்ட எடுத்துட்டு நிம்மதியா இருங்கன்றான். எடுக்க ஏலாதே! எனக்கு வந்த உத்தரவு அப்படி. வட்ஸப்புல ரெண்டே ரெண்டு விளம்பரம் வந்திச்சி. ஒன்னு நாம இப்ப போற ஒங்க நீல சுபாரு, மத்தது அந்த எவோ. கீழ ஒரு செய்தி. இந்த ரெண்டுல ஒன்ன எனக்குன்னு நீங்க தெரிவு செய்யுங்க, எதுன்னு நான் சொல்ல மாட்டேன், பிழையானதக் கொண்டுவந்தீங்கன்னா வெள்ளிக்கிழம வாசப்படி ஏற வேணாம். அவ்வளவுதான். ஸலாமும் இல்ல, ஒன்னும் இல்ல. இன்னிக்கிப் புதன். என் நெலமையப் பாத்தீங்களா?

யாருன்னு சொல்றேன், சொல்றேன். மொதல்ல வீட்டுப் பக்கம் திருப்புங்க. போற வழியில ஒரு தரம் இழுத்துக் காட்டுங்க, முன்னால பஸ் இல்லாத எடமாப் பாத்து.

ஓ...ஹோ! போதும், போதும், உம்மா! தொப்பி பின் சீட்டுக்குப் போயிட்டு.

இந்தச் சத்தம் எப்பவும் இப்படித்தானா? குடுகுடுன்னு, உலை கொதிக்கிற மாதிரி. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா காலையில ஏழரைக்கு ஸ்கூல் கேட்டுக்குள்ள போறப்ப புள்ளைங்க வரிசையில நிப்பாங்க, அதிபர் பேசிக்கிட்டு இருப்பாரு, அவரு பேச்ச யாரு கேப்பாங்க? எவோவுல சத்தம் கொஞ்சம் கொறவு. ஆனா அதுக்குப் பின்னால ஒரு செறகு பூட்டிருக்காங்க தம்பி, அதுல நான் ஒரு மூட மிளகு காயப் போடலாம். இடைவேளையில அவ்வளவு புள்ளைங்களும் அதுலதான் தொங்கும். டிக்கி எப்படி? நாப்பது புள்ளைங்கட கொப்பிக் கட்டு, கொட, சாப்பாட்டுப் பை, போற வழியில கண்ட பூச்செடி எல்லாம் ஏத்துற ஆளு. ஆ, தாராளமா எடம் இருக்கா. நல்லம். பொலிஸ் மறிப்பாங்களா? மறிச்சி, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு விடுவாங்களா! நல்ல கத.

ஹோன் அடிங்க, ஒங்க பொஞ்சாதி, அந்தத் தங்கச்சி வரட்டும். ஏன்னா? ஒரு வேல இருக்கு. சுதர்சினி தானே பேரு? வாங்க மகள், வாங்க. பிளேன்டீய அந்தப் படியில வைங்க, ஆறட்டும். எனக்கு ஒரு ஒதவி செய்யணும். அந்த ட்ரைவர் சீட்ல ஒருக்கா ஏறி இருங்க. தம்பி, நீங்க மொறைக்காதீங்க, ஒங்க மனிசி கிட்டத்தட்ட அதே ஒசரம், அதான். ஆ, இருந்தாச்சா? பொனட்டுக்கு மேல அந்தக் காத்து வாங்குற ஓட்ட நிமிந்து நிக்குதே, அதுக்கு அங்கால றோட்டு தெரியுதா? எக்காம பாருங்க, எக்காம. தெரியுது. க்ளச்ச மிதிங்க. அடிவரைக்கும். கொஞ்சம் இறுக்கமா? பஸ்ஸுக்குப் பின்னால ஊந்து ஊந்து போறப்ப முழங்கால் நோகுமோ? ம்ம். இன்னொன்னு, அந்தப் பெடல்களுக்கு எடையில எவ்வளவு எடம்? அபாயாவோட கீழ்க்கர போய்ச் சிக்குமா?

ஆமா தம்பி, பொம்புளதான் ஓட்டப்போறது. அதுக்கேன் கண்ண அப்படி விரிக்கிறீங்க? எல்கடுவையில கணக்கு டீச்சர். இப்ப பஸ்ல தொங்கிக்கிட்டுப் போறா. தங்கச்சி சிரிக்கிறாங்க பாருங்க, அவங்களுக்கு வெளங்குது.

மகள், நீங்களே சொல்லுங்களேன். செவப்பு எவோ ஒன்னு, இந்த நீலம் ஒன்னு. ஒங்களுக்குன்னா எது?

என்ன? எனக்கெப்படித் தெரியும், இவரு ஒரு நாளும் என்கிட்ட கேட்டதில்லையேன்னா! தம்பி, மாட்டிக்கிட்டீங்க. இன்னிக்கி ராச்சாப்பாடு ஒங்களுக்கு ஒறைக்கும்.

சரி, சிரிச்சது போதும், விஷயத்துக்கு வாறேன். இது மஹர். எங்கட ஆக்கள்ல நிக்காஹ் முடிக்கிறப்ப மாப்புள பொண்ணுக்கு ஒன்னு குடுக்கணும், அதுக்குப் பேரு மஹர். என்ன வேணும்னு கேக்குறது பொண்ணோட உரிம. ஊர்ல நாங்க என்ன செய்றது? ஆயிரத்தொரு ரூவான்னு ஒரு பேருக்கு எழுதிட்டு, அந்தப் பக்கத்தால பொண்ணுட வாப்பாகிட்ட கைக்கூலின்னு சீதனம் வாங்கிக்கிறது. நானும் அந்தக் கூட்டம்தான். என் மொதக் கலியாணத்துல மாமனார் லொறி வாங்கித் தந்தாரு. கூச்சமே இல்லாம ஏறி ஓட்டினேன். இந்தத் தரம் பொண்ணு உறுதியாச் சொல்லிட்டா. நகை வேணாம், காணி வேணாம், கார் வேணும், அதுவும் மிதிச்சா பறக்குற கார். மௌலவிகிட்ட போய்க் கேட்டேன், காரும் மஹராகுமான்னு. தாடியத் தடவினாரு. ஆகும், ஆனா பொண்ணு பேருக்கு எழுதணும்னாரு. நான் வெளிய வந்து சப்பாத்த மாட்டுறேன், உள்ளுக்க மனிசன் சிரிக்கிற சத்தம் கேக்குது.

வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுகைக்குப் பொறகு நிக்காஹ். சிரிங்க, நல்லாச் சிரிங்க. கண்ணாடியில இந்த மாப்புள மூஞ்சியப் பாத்தா எனக்கே சிரிப்பு வருது. புதுக் கழிசான் வேற தைக்கக் குடுத்திருக்கேன்.

மொத மனிசியா? அது... என்ன தனியா விட்டுட்டுப் போய் ஒம்பது மாசமாச்சி தம்பி. எல்லாம் அல்லாஹ்ட நாட்டம். சாப்பாட்டுக்கு ஒன்னும் கொறவில்ல, சமைக்க எனக்கே தெரியும். கதைக்கத்தான் ஆளில்ல. கடைய மூடிட்டு வந்து டீவியில செய்தி வாசிக்கிற பொண்ணோட சண்ட புடிக்கிறேன். அவ ஒரு நாளாவது திருப்பி ஏசினாத்தானே? சரி, விடுங்க, அந்தக் கத இப்ப வேணாம்.

எதத்தான் எடுக்குறது? பள்ளத்துக்கு ஒங்களது. க்ளச்சுக்கு அது. டிக்கிக்கு இது. வேகத்துக்கு... யா அல்லாஹ், அந்த ரெண்டாவது கியர்! கணக்குப் பாத்துக்கிட்டே வந்தேன், தங்கச்சி ஒரு வார்த்த சொல்லி எல்லாத்தையும் கலைச்சிட்டாங்க. நானும் யார்கிட்டயும் கேட்டு ஒன்னும் வாங்கினவன் இல்ல தம்பி. வீட்டுக்குப் பச்ச பூசினேன், எனக்குப் பச்ச புடிக்கும். ஹோல்ல பெரிய ஸோபா போட்டேன், எனக்குச் சாய்ஞ்சிக்க வேணும். எனக்குப் புடிச்சது வீட்ல எல்லாருக்கும் புடிக்கும்னு நெனச்சிக்கிட்டே காலத்த ஓட்டிட்டேன். இப்ப எவோவக் கொண்டு போனா, அது எனக்குப் புடிச்ச கார். ஒங்க சுபாருவக் கொண்டு போனா, எனக்குப் புடிச்சத விட்டுட்டேன் பாருன்னு காட்டிக்கிறதுக்காக எடுத்த கார். ரெண்டுலயும் நான்தான் இருக்கேன். அவ எங்க இருக்கா?

இருங்க. ஒரு போன் கோல் எடுக்குறேன். இப்ப ஸ்கூல் விட்டு வந்திருப்பா.

ஹலோ, அஸ்ஸலாமு அலைக்கும். நான் பலாபத்வலயில. இல்ல, இன்னும் எடுக்கல்ல. காலையில அதையும் பாத்தேன். றம்லா, எனக்குத் தெரியல்ல. எதுன்னு எனக்குத் தெரியல்லன்னு சொல்றேன். யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன், வெளங்கல்ல. நீயே வந்து ஓட்டிப் பாரு. என்ன? ஆமா, நீயே வந்துன்னுதான் சொன்னேன். பெரிய றோட்டுல ஒரு பேக்கரி இருக்கும், அதுக்கு எதிர்ப்பக்கம் எறங்குற பாத, மூனாவது வீடு. ம். ம்.

வச்சிட்டா. திரும்பச் சொல்லுங்கன்னா தம்பி. திரும்பச் சொன்னேன். எந்த எடம்னு கேட்டா. வாறா. கோவத்துல வாறாளா, எப்படி வாறான்னு புடிபடல்ல. நான் தெரிவு செய்யணும்னு தானே சொன்னா? தெரியல்லன்னு சொல்லிட்டேனே. நிக்காஹ் இந்த முற்றத்துலயே முறிஞ்சி போகுமோ தெரியல்ல. தங்கச்சி, அந்தப் பிளேன்டீயக் குடுங்க.

த்ரீவீல் சத்தம். அவதான். பாத்தீங்களா, எறங்கினவ என்னப் பாக்கவே இல்ல, நேரா கார்கிட்ட போறா. குனிஞ்சி டயரப் பாக்குறா. சைலன்சரையும் பாக்குறா. சாவியக் குடுங்க தம்பி, குடுங்க. இன்னும் என்னென்ன கேப்பாளோ, லேசுல விட மாட்டா. ஆ? என்ன றம்லா? இங்கதான் நிக்கிறேன். ஆமா, பின்னேரம் வஹகோட்டைக்கும் போகலாம், அந்த மாத்தயா வீட்ல இருப்பாரு. நீ மொதல்ல இத ஓட்டு.

சிரிச்சாளா? எனக்கு இங்கருந்து தெரியல்ல. சிரிச்சாளா தம்பி? மெய்யாவா? அல்லாஹு அக்பர்.

நானா? இல்ல, நான் பக்கத்துல ஏற ஏலாது. கேட்டீங்கதானே, இப்ப என்ன எப்படிக் கூப்பிட்டான்னு. இன்ஷாப்ட வாப்பான்னு. ஆமா, இன்ஷாப்ட உம்மாதான் அவ. மௌத்தாகல்ல, நீங்களா அப்படி நெனச்சிக்கிட்டீங்க, அல்லாஹ் அவளுக்கு நீண்ட ஆயுளக் குடுக்கட்டும். இருபத்தாறு வருஷம் என்னோட வாழ்ந்தவ. அவ சம்பளத்துல ஒரு குட்டிக் கார் வாங்கி ஓட்டினா. ஒரு நாள் இந்த றோட்டுலயே என் லொறிய முந்திக்கிட்டு ஹோன் அடிச்சிட்டுப் போனா, கடத்தெரு முழுக்க என்னப் பகிடி பண்ணினாங்க. எனக்கு ரோசம். அவ உம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரமாப் பாத்து, ஒரு வார்த்த கேக்காம அந்தக் கார வித்துட்டேன். அவ திரும்பி வரல்ல. நான் விவாகரத்துக் கேட்டு, எங்கட கலியாண வழக்குப் பாக்குற காதிகிட்ட போய் நின்னேன். அவரும் சமாதானமாகிப் போங்க, போங்கன்னு ரெண்டு தரம் அனுப்பிப் பாத்தாரு. கேக்கல்ல, ஒரு தலாக் சொல்லிட்டேன். சொல்லி வீட்டுக்கு வந்து கதவத் தொறந்தப்பவே வெளங்கிச்சி, நான் எவ்வளவு பெரிய மடையன்னு. அத வாய் தொறந்து அவகிட்ட சொல்ல மாசக்கணக்காச்சி. அதுக்குள்ள, தலாக்குக்குப் பொறகு சும்மாவே திரும்பச் சேர்ந்துக்க விட்டிருக்குற இத்தாக் காலமும் முடிஞ்சி போச்சி. இனித் திரும்பச் சேரணும்னா புதுசா நிக்காஹ், புதுசா மஹர். அதுவரைக்கும் எங்கட மார்க்கப்படி நான் அவளுக்கு அந்நிய ஆம்புள, ஒரு காருக்குள்ள ரெண்டு பேரும் தனியா இருக்கக் கூடாது. என் பொஞ்சாதியோட, தம்பி. ரெண்டு நாள்தான், பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கேன்.

நீங்க பின்னால ஏறினா நானும் ஏறலாமா? வேணாம். பக்கத்துல இருந்தா மெதுவாப் போ, பிரேக்கப் புடின்னு என் வாயில தானா வரும். இருக்குற காரியத்தையும் கெடுத்துக்குவேன். நான் இங்கயே நிக்கிறேன்.

தங்கச்சி, நீங்க ஏறுங்க மகள். அந்தப் பெல்ட்ட இறுக்கிப் போடுங்க. இன்னும் இறுக்கமா. அவ மெதுவா ஓட்ட மாட்டா, அல்ஹம்துலில்லாஹ்.