மாலை போட்ட படம்

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். பூமாலையை மடியில் வைத்திருந்தவர் சலித்துக்கொண்டார்.

"இந்த மாலை எனக்குத்தான் லா. ஹால்ல மாட்டியிருக்கிற என் படத்துக்கு."

"ஐயோ, உசுரோட இருக்கறப்பவா?" தோழி சற்றே நகர்ந்து உட்கார்ந்தார்.

"வீட்டுக்காரரோட கொள்ளுப்பாட்டி தனியா கப்பலேறி வந்து, காடு வெட்டிப் பிழைச்சவங்களாம். ஃபேமிலி டே வச்சப்போ அவங்க போட்டோ யார்கிட்டயும் இல்ல. இவரு என் மூஞ்சியைப் போன்ல கெழவியாக்கி, மூக்குத்தி போட்டு, பிரேம் பண்ணிட்டாரு."

"யாருமே கண்டுபிடிக்கலையா?"

"எங்க! பூச்சோங்ல இருக்கிற இவரோட அத்தை 'அதே கண்ணு'ன்னு அழுதாங்க. அவங்க கொள்ளுப்பாட்டியப் பார்த்ததே இல்ல."

"மாமியார்கிட்டயாச்சும் சொல்லிடு."

"நேத்து சொல்லத்தான் போனேன். விளக்கேத்தி, படத்தைக் கும்பிட்டுட்டு, என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாங்க. எனக்கு உயிரே போயிடுச்சு."

"கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"'அந்தக் காலத்துப் பொம்பளைங்க முகத்துல என்ன களை பாரு! நீயும் இருக்கியே'ன்னாங்க."