‘கூடுதல்’ இன்னும் முடியவில்லை

— மறுபடியும் திருப்பி அனுப்பிட்டீங்களா சார்?

— ஆமா மேடம். ‘கூடுதல்: அதிகம்.’ அவ்வளவுதானா? அகராதியைக் காசு குடுத்து வாங்குறாங்க, பாவம்.

— போன தடவை நீளம்னீங்க. இப்ப குட்டைங்கிறீங்க.

— நடுவுல ஒண்ணு இருக்குமே...

— அதையும் எழுதினேன். ‘வறட்சியா இருக்கு’ன்னீங்க.

— சரி, உட்காருங்க. சேர்ந்தே முடிச்சிடலாம். ‘கூன்’ வரைக்கும் மத்ததெல்லாம் அச்சுக்குப் போயாச்சு. இந்த ஒரு சொல்லுக்காக முதல் தொகுதியே நிக்குது.

— அச்சகக்காரர் காலையில போன்ல கத்தினார். நீங்க ‘கூ’ தாண்டுறதுக்குள்ள எனக்குப் பேரனே பிறந்துட்டான்னார்.

— ஆமை மாதிரி எழுதினது யாரு?

— திருத்தித் திருத்தியே உயிரை எடுத்தது யாரு?

— ...வேர் சொல்லுங்க.

— கூடு. ஒண்ணு சேர்றது. கூட்டம், கூட்டு, கூட்டல், ‘என்கூட வா’ன்னு சொல்றோமே, எல்லாம் அதுலேருந்து வந்ததுதான்.

— பறவைக் கூடு?

— அது எனக்கு உறுதியா தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன்.

— சரி... சேர்றதுன்னு இருந்தது, அதிகம்னு எப்படி ஆச்சு?

— இதுல என்ன சார் இருக்கு. ஒண்ணோட இன்னொண்ணு வந்து சேர்ந்தா முன்னைவிட அதிகம்தானே. தனியா கிடக்கிறது அப்படியேதான் கிடக்கும்.

— நான் தனியாத்தான் கிடக்கேன். வயசு மட்டும் கூடிக்கிட்டே போகுதே.

— அதுக்கு வருஷம் வந்து சேருது. மீசைக்கு வெள்ளை வந்து சேருது.

— போதும் போதும். எடுத்துக்காட்டு வாக்கியம் சொல்லுங்க.

— ‘இந்த மாதம் மின்கட்டணம் கூடுதல்.’

— ஐயோ, படிக்கிறவன் அழுதுடுவான். நான் சொல்றேன், எழுதுங்க. ‘அலமாரியில் கூடுதலாக ஒரு சாப்பாட்டுத் தட்டு இருக்கிறது.’

— ம்.

— ‘வீட்டுக்குக் கூடுதலாக ஒரு சாவி செய்து வைத்திருக்கிறேன்.’

— சார்... நீங்க ஒண்டிக்கட்டை. யாருக்குத் தட்டு, யாருக்குச் சாவி?

— எடுத்துக்காட்டுதானே மேடம்.

— நம்ம அகராதி எடுத்துக்காட்டுல ‘நான்’ங்கிற பேச்சே எங்கேயும் வர்றதில்லை. நீங்க போட்ட விதிதான்.

— அப்படின்னா அடிச்சிடுங்க.

— அடிச்சிடவா?

— ...உங்க அண்ணன் வீட்டுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?

— அண்ணன் தினம் கேட்கிறார். முதல் தொகுதி வரைக்கும்தானே உனக்கு அங்க வேலை, முடிஞ்சதும் கிளம்பி வந்துடு, வாடகை வீட்டுல ஒண்டியா என்னத்துக்குன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— இன்னும் ஒரு சொல் பாக்கி இருக்குன்னேன்.

— மேடம்... ஒண்ணு சொல்றேன். சிரிக்கக்கூடாது.

— சிரிக்கல. சொல்லுங்க.

— உங்க எழுத்துல குறையே கிடையாது. நீங்க இங்க வந்து எழுதின முதல் சொல் ‘காகம்’லேருந்தே கிடையாது. நான்தான் சும்மா சும்மா திருப்பி அனுப்பினேன். தொகுதி முடிஞ்சா நீங்க போயிடுவீங்க. எதிர் மேசை காலியா கிடக்கிறதைப் பார்த்துக்கிட்டு என்னால இங்க உட்கார முடியாது. இதுக்கு மேல சொல்ல எனக்குத் தெரியல. பார்த்தீங்களா, சிரிக்கிறீங்க.

— ‘காகம்’ எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிறீங்க சார்?

— நீங்க ஒரு வாரம் எடுத்துக்கிட்டீங்க. ஞாபகம் இருக்கு.

— கால் மணி நேரத்துல எழுதிட்டேன். மீதி நாளெல்லாம் இழுப்பறையில வச்சுப் பூட்டியிருந்தேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு சொல்லையும் அப்படித்தான்... எனக்கும் அந்த எதிர் மேசை வேணும் சார். அந்த வீட்டுச் சாவியை எடுங்க, ‘கூடுதல்’ இன்னைக்கே முடிச்சிடலாம்.