பால்கனியில் ஒரு சாக்பீஸ் வட்டம்

காபி நன்றாக இருக்கிறது சார், சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். கேட்டீர்களே, சொல்கிறேன்.

பழைய கான்கிரீட்டைச் சோதிப்பது என் பிழைப்பு. சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று பேசும். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிய இடம் ‘டொக்’ என்று முனகும். அதைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போடுவோம்.

என் மாமனாரின் கட்டடம் முழுக்க வட்டம்தான். கீழ் மாடிகளில் குழந்தை குட்டிகளோடு வாடகைக்காரர்கள், உச்சியில் அவர். நான் வட்டம் போட்டுவிட்டு வந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு மேலே பூசிவிடுவார்.

“தட்டிப் பாக்குறதுக்கு ஒரு படிப்பா மாப்ளே? தர்பூசணி விக்கிறவன்கூடத்தான் தட்டிப் பாக்குறான்” என்பார், விருந்தாளிகள் முன்னால். என் மனைவி சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நல்ல ஜோக்தானே.

போன மாதம் அவருடைய சமையலறைக் கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து அடுப்பின்மேல் விழுந்தது. அன்றுதான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

“மாப்ளே, பால்கனில எங்க நிக்கக் கூடாதுன்னு மட்டும் காட்டிடுங்க. என் பூத்தொட்டியெல்லாம் அங்கதான் இருக்கு.”

தட்டினேன். கதவோரம், பால்கனி கட்டடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில், டொக். சரியாக அங்கேயே வட்டம் போட்டேன். நான் பொய் சொல்லவில்லை சார், தொழில் சுத்தம்.

“இதை மட்டும் மிதிக்காதீங்க மாமா.”

அந்தப் பிடி போனால் மொத்தப் பால்கனியும் போகும், விளிம்பில் பாரம் ஏற்றினால் சீக்கிரமே போகும். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வட்டத்தைப் பாண்டி ஆடுகிற பிள்ளை மாதிரித் தாண்டித் தாண்டி, தொட்டிகளை எல்லாம் விளிம்புக்கு நகர்த்தினார். வயதானவர் ஆயிற்றே என்று நானும் ஒரு கை கொடுத்தேன்.

பூசி மறைக்காதே, சீரழிவுக்குக் காரணமானதை அப்புறப்படுத்து என்பதுதான் எங்கள் தொழிலின் அடிப்படை. அவர் போய்ச் சேர்ந்த மறு வாரமே ரிப்பேர் வேலை ஆரம்பமாகிவிட்டது. வாடகைக்காரர்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒன்றே ஒன்று சார். எஃப்.ஐ.ஆரில் அஜாக்கிரதை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பால்கனி விழுகிற இடத்தில் யாரும் அடிபடக் கூடாதே என்று, முந்தின நாளே கீழே கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகையும் வைத்தவன் நான்.