சக்கரத்து மேல போட்ட பழி

— பேச்சை நிறுத்தாதீங்க.

— ரெண்டு மணி நேரமா பேசிக்கிட்டுத்தானே வர்றேன். வாயே வலிக்குது.

— வாய் வலிச்சா பாட்டுப் பாடுங்க. ஹெல்மெட்டுக்குள்ள மைக் எதுக்கு மாட்டியிருக்கு? அழகுக்கா?

— நான் பாடினா நீ வண்டியைப் போட்டுட்டு இறங்கி ஓடிருவ. அப்புறம் இந்த யானையை யாரு ஓட்டறது? எனக்குக் காலே எட்டாது.

— அப்ப பேசுங்க. தார் ரோடு முடியுது. இனிமே கல்லும் மண்ணும்தான்... பிடிச்சுக்கிட்டீங்களா?

— பிடிச்சிருக்கேன்... அப்பாடி. எலும்பெல்லாம் ஆட்டம் காணுது.

— இதுக்கேவா? அட்வென்ச்சர் பைக்குன்னு பேரு வெச்சிருக்கான். பேருக்காவது கொஞ்சம் குதிக்க வேண்டாமா?

— பனியைப் பாரேன். பாலைக் கொட்டி வெச்ச மாதிரி... நாம ஓட்டிக்கிட்டுப் போறோமா, மிதந்துக்கிட்டுப் போறோமான்னே தெரியல.

— நீங்க மிதக்கறீங்க. நான்தான் ஓட்டறேன்.

— ...

— என்ன, சத்தத்தையே காணோம்?

— ரசிக்கிறேன்மா. கட்டின பொண்டாட்டி வண்டி ஓட்ட, பின்னாடி உக்காந்து ஊரைப் பார்க்கிற யோகம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ரசிக்கறதையும் வாயைத் திறந்துதான் ரசிக்கணுமா?

— ஆமா.

— சரி. அந்த மரத்தைப் பாரு. அடிமரமே இல்லாம அந்தரத்துல தொங்குது. அதுக்குப் பக்கத்துல ஒரு மாடு... மாடா, பாறையா?

— பாறை.

— நகர்ந்த மாதிரி இருந்துச்சே.

— நாமதான் நகர்றோம்.

— அப்படியா... எனக்கு என்னமோ நாம ஒரே இடத்துல நிக்கிற மாதிரியும், மலைதான் நம்மைத் தாண்டிப் போற மாதிரியும் இருக்கு. மெதுவாப் போ. சக்கரம்...

— வந்துட்டீங்களா சக்கரத்துக்கு? இன்னும் பத்து நிமிஷம் தாங்குவீங்கன்னு நினைச்சேன்.

— சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆகணும். இது அலாய் வீல். ஒரே வார்ப்பு. கம்பி வெச்ச சக்கரம்னா கல்லுல இடிச்சா வளைஞ்சு குடுக்கும். இது விரிசல் விட்டுரும். 'மண்ணுப் பாதைக்குப் போறதா இருந்தா கம்பிச் சக்கரத்தை மாட்டிக்கோங்கம்மா'ன்னு கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னார்.

— சொன்னார்.

— மண்டையை மண்டையை ஆட்டிட்டு, அதே வார்ப்புச் சக்கரத்தையே மறுபடியும் வாங்கிட்டு வந்து நின்ன.

— ஏன், பழசும் நல்லாத்தானே ஓடிச்சு?

— நல்லா ஓடிச்சா? என் கால் எலும்பு மூணு துண்டாப் போச்சு... ஏய், தப்பாச் சொல்லிட்டேனா?

— இல்ல. முன்னாடி மணல். எந்திரிச்சு நின்னு ஓட்டப் போறேன். என்னைப் பிடிக்காதீங்க, பின்னாடி கம்பியைப் பிடிச்சுக்கோங்க.

— நிக்கறப்ப கப்பல் ஓட்டறவ மாதிரி இருக்க. பயமே இல்லியா உனக்கு?

— லிஃப்ட்டு மெக்கானிக்கா நாள் முழுக்க அதோட தலை மேல நின்னு கயிறு பார்க்கறவளுக்கு இதெல்லாம் ஒரு உயரமா?

— பன்னெண்டாவது மாடியில நின்னுக்கிட்டு போனைப் போட்டு 'சாப்டீங்களா'ன்னு கேப்ப. பேக்கரியில ரொட்டி அடுப்பு முன்னாடி எனக்குக் கால் நடுங்கும்.

— அதனாலதான் வாரத்துல ஒரு நாளாவது ரொட்டியைக் கருக விட்டிருவீங்க, பழியை என் தலையில போட்டிருவீங்க.

— ஐயோ... என்ன சத்தம் அது?

— கல்லு. மணலுக்குள்ள ஒளிஞ்சு கிடந்திருக்கு. அசையாதீங்க, நிறுத்தறேன்... ம். இறங்குங்க. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா.

— நான் என்ன கண்ணாடிப் பொம்மையா?

— கம்பி வெச்ச பொம்மை. அந்தக் காலுக்குள்ள டாக்டர் வெச்ச கம்பி அப்படியே இருக்குல்ல? ஹெல்மெட்டைக் கழட்டிட்டு அந்தத் தண்ணி பாட்டிலைக் குடுங்க.

— இந்தா. குடிக்கவா?

— இல்ல. ரிம் ஓரத்துல ஊத்திப் பார்க்கணும். காத்துப் போச்சுன்னா குமிழி வரும்... வரல.

— இங்க விரலை வெச்சுப் பாரு. லேசா ஒடுங்கியிருக்கு.

— ஆமா, ஒரு அரிசி அளவு. ஓடும். டயர் காத்தை ரொம்ப இறக்காம வந்தது நல்லதாப் போச்சு. இறக்கியிருந்தா ரிம் நேராக் கல்லு மேல போய் உக்காந்திருக்கும்.

— விரிசல் இல்லியே?

— எத்தனை தடவை தடவிப் பார்ப்பீங்க? குழந்தைக்கு ஜுரமா அடிக்குது? விரிசல் இல்ல.

— இது எந்த இடம்?

— ஓடை தாண்டி முதல் ஏத்தம்.

— அதே இடமா?

— இன்னும் நூறு அடி மேல. ஒரு வெள்ளைப் பாறை இருக்குமே, அது கிட்ட. பனியில தெரியல.

— ஏரிக்குப் போறோம்னுதானே சொன்ன?

— ஏரிக்கு இது ஒண்ணுதான் வழி. அன்னிக்குப் பாதியில விட்டது. மூணு வருஷம் ஆச்சு, அந்த ஏரியை நாம இன்னும் கண்ணால பார்க்கல.

— உக்காரு கொஞ்ச நேரம்.

— கல்லெல்லாம் ஈரமா இருக்கு.

— பரவாயில்ல, உக்காரு. ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு என்னை வண்டிக்குப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போனாலும் சரி.

— சொல்லுங்க.

— அப்ப எங்கம்மா உன்கிட்ட ரெண்டு மாசம் பேசாம இருந்தாங்களே...

— 'எம் புள்ளையை முடமாக்கிட்டா'ன்னு ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு சொன்னாங்க. நான் தூணுக்கு அந்தப் பக்கம்தான் நின்னுக்கிட்டிருந்தேன்.

— அப்புறம் நான்தான் அம்மாகிட்ட சொன்னேன். அவ மேல தப்பில்ல, சக்கரம் உடைஞ்சுதான் விழுந்தோம்னு.

— அன்னிக்குச் சாயந்தரமே அத்தை எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டு வந்தாங்க. சக்கரத்தைத் திட்டிக்கிட்டே பரிமாறினாங்க.

— அது பொய்.

— எது?

— சக்கரம் உடைஞ்சுதுன்னு சொன்னது. உடைஞ்சுது, ஆனா அதனால விழல. வெல்டிங் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டார். 'நீங்க விழுந்து, வண்டி பாறையில பக்கவாட்டுல அடிச்ச பிறகுதான் இது உடைஞ்சிருக்கு'ன்னார். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அவர் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன்.

— ஏன் கெஞ்சினீங்க?

— அவர் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்... அன்னிக்குக் கடையில மூணு நாளா ஓயாத ஆர்டர். கண்ணை மூடவே இல்ல. நீ அவ்வளவு ஆசையாக் கூப்பிட்ட, வரலன்னு சொல்ல மனசு வரல. ஓடை தாண்டினதும் இதே பனி. உன் முதுகு கதகதன்னு... இன்ஜின் தாலாட்டற மாதிரி... தூங்கிட்டேன். கனவுகூட வந்துச்சு.

— என்ன கனவு?

— அதுவா இப்ப முக்கியம்?

— சொல்லுங்களேன்.

— ஏரிக்கு வந்து சேர்ந்துட்ட மாதிரி. தண்ணி மேலயே வண்டி போகுது. டயர் நனையவே இல்ல. கீழ மீனெல்லாம் நம்மகூடவே வருது. நீ திரும்பி என்னமோ சொல்ற, எனக்குக் காதுல விழல... கண்ணைத் திறந்தா தரையில கிடக்கேன். ஒரு பக்கமாச் சாய்ஞ்சிருக்கேன்னு அப்பதான் புரிஞ்சுது. எழுபத்தெட்டு கிலோ மூட்டை. அந்தக் கல்லுப் பாதையில யாரால தாங்க முடியும்? நீ மூணு வருஷம் வண்டியைத் தொடல. துணி போட்டு மூடி வெச்சுட்டு, பக்கத்துல போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்குவ. அப்பவும் நான் வாயைத் திறக்கல. உன்னைக் காப்பாத்தத்தான் பொய் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். என்னையும்தான் காப்பாத்திக்கிட்டேன். ஏதாவது சொல்லு. திட்டு.

— நீங்க தூங்கினது எனக்குத் தெரியும்.

— என்ன?

— ஹெல்மெட் வந்து என் முதுகுல டொக்குன்னு இடிச்சுது. அப்புறம் மொத்த எடையும் என் மேல வந்து சாய்ஞ்சுது. பதினோரு வருஷமாப் பக்கத்துல படுத்திருக்கேன். நீங்க எப்பத் தூங்கறீங்க, எப்பத் தூங்கற மாதிரி நடிக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதா?

— அதான் கம்பிச் சக்கரம் வேண்டாம்னியா?

— தப்பே செய்யாத சக்கரத்தை எதுக்கு மாத்தணும்?

— தெரிஞ்சும் மூணு வருஷமா ஒரு வார்த்தை கேக்கல...

— கேட்டா நீங்களும் திருப்பிக் கேப்பீங்க.

— என்ன கேப்பேன்?

— இப்ப என்ன கேக்கப் போறீங்களோ, அதை.

— ...நான் தூங்கினது தெரிஞ்சதும் நிறுத்தி எழுப்பியிருக்கலாமே. ஏன் எழுப்பல?

— மூணு நாளாக் கண்ணை மூடாத மனுஷன், அவ்வளவு சுகமாத் தூங்கிக்கிட்டிருந்தீங்க... எப்படி எழுப்பறது? ஏரி வரைக்கும் அப்படியே கொண்டு போய்ச் சேர்த்துரலாம்னு நினைச்சேன். உங்க கை ரெண்டும் என் இடுப்புலேர்ந்து நழுவ ஆரம்பிச்சுது. இடது கையால சேர்த்துப் பிடிச்சுக்கிட்டேன். கல்லு குறுக்க வந்தப்ப ஹேண்டில்பார்ல இருந்தது என் ஒரு கைதான்... கீழ விழுற வரைக்கும் மத்தக் கை உங்களை விடல.