இறால் உரித்தபடி படித்த பாடம்

அவைக்கு அழகு சேர்க்கும் கைதக்கடவு வாசகசாலைத் தலைவர், நம் ஆசிரியர் திவாகரன் மாஷ் அவர்களே, அருகமர்ந்த ஆன்றோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்த அன்னையரே, எல்லாருக்கும் மேலாக, இறால் கொட்டகையிலிருந்து நேரே வந்து முதல் வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் என் மூன்று தோழியரே, வணக்கம்.

அரசு எழுத்தர் தேர்வில் தேறிய சுதர்மாவுக்குப் பாராட்டு என்கிறது பதாகை. பாராட்ட வேண்டியது யாரை என்று சொல்லத்தான் இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன்.

மூன்று முறை தோற்றவள் நான். படிக்காமலா தோற்றேன்? பக்கம் பக்கமாய்ப் படித்தேன், பச்சையில் கோடிட்டேன், பத்தாதென்று சிவப்பிலும் கோடிட்டேன். ரேங்க் ஃபைல் என்னும் அந்தத் தடித்த புத்தகத்தில் கோடு விழாத வரியே இல்லை. நாலாம் முறை எழுதவிருந்தபோது வயது முப்பத்தொன்பது. அதையும் தவறவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அரசு வேலை ஆயுளுக்கும் இல்லை.

அப்போதுதான் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். விடிந்தால் அடைந்தால் ஐஸ் தண்ணீரில் கை. புத்தகத்தைத் தொட வழியில்லை. படிப்பு பாழாகிறதே என்று புலம்பினேன். பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த பிலோமினா நிமிரவே இல்லை.

"காலையில என்ன படிச்சீங்க சேச்சி?"

"பஞ்சாயத்துச் சட்டம்."

"சொல்லுங்க, கேப்போம்."

"பச்சையில கோடு போட்டது ஞாபகம் இருக்கு, பாடம்தான் வரலை" என்றேன்.

"கோடு போட்டது பேனா. நீங்க எப்பப் படிக்கப் போறீங்க?"

சுருக்கென்றது. உண்மையாயிற்றே.

மறுநாளே முறை மாறியது. படித்ததைக் கேள்வியும் விடையுமாய் ஒரு தாளில் எழுதித் தருவேன். பிலோமினா அதைக் கொட்டகைக்கு வரும் படகில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுவிடுவாள். கிண்ணத்துக்கு இவ்வளவு என்று கூலி; ஒரு கிண்ணம் இறால் உரிபடுவதற்குள் பத்துக் கேள்வி. தவறியதை மறுநாள் கேட்பாள். மூன்றாம் நாள் கேட்பாள். மறந்துவிட்டாள் என்று நான் மகிழ்ந்திருக்க, அடுத்த வாரம் கேட்பாள்.

மூன்று தப்புக்கு ஒரு மதிப்பெண் போகும் தேர்வல்லவா அது? அதற்கும் எதிரில் உரிக்கும் வத்சலா ஒரு சட்டம் போட்டாள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிரு. குத்துமதிப்பா மூணு தப்பு சொன்னா, உன் கிண்ணத்துலருந்து ஒரு பிடி எனக்கு."

அவள் பக்கத்தில் ரெஜினா சிரிக்கிறாள் பாருங்கள். அந்தப் பிடியில் பாதி யார் கிண்ணத்துக்குப் போனது என்று பிறகு விசாரிப்போம்.

தேர்வு நாள் வந்தது. நூறு கேள்விகள். முன்பெல்லாம் விடைத்தாளில் ஒரு வட்டத்தையும் வெறுமையாய் விடாதவள், அன்று பதினெட்டைத் தொடவே இல்லை. மற்ற விடைகளெல்லாம் இவர்கள் குரலிலேயே காதில் கேட்டன. பட்டியலில் நூற்று நாற்பதாவது பெயர் என் பெயர். தோழியரே, என் படிப்பைக் கெடுத்தது என்று நான் ஏசிய ஈரக்கைதான் என்னைப் படிக்க வைத்தது. உங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் எனக்கு நெஞ்சு ஆறாது.

பிலோமினா, இப்போது என் முறை. ஒரு கேள்வி. பதினொரு மாதம் என் தப்புகளை உடனுக்குடன் திருத்தினாயே, உன் கையும்தானே ஐஸ் தண்ணீரில் கிடந்தது? தாளைத் தொடாமல் எப்படித் திருத்தினாய்?

"கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துருச்சு சேச்சி" என்கிறாள். கேட்டீர்களா அவையோரே? முப்பத்து நாலு வயது. பத்தாம் வகுப்பு தேறியவள், இந்தத் தேர்வுக்கு அது போதும். அத்தனை விடையும் அறிந்தவள். இன்றுவரை ஒரு விண்ணப்பம் போட்டதில்லை. அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்க வரும் வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஞாயிறுதோறும் உன் வீட்டுக்கு வந்து நான் கேள்வி கேட்கிறேன். எழுதுகிறேன் என்று நீ சொல்லும்வரை இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

மாஷ், மணியடிக்காதீர்கள். அவள் வாயைத் திறக்கிறாள்.

"எழுதுறேன், இறங்கித் தொலைங்க. எல்லாருக்கும் டீ ஆறுது."

சபையே, நீங்கள் சாட்சி. வந்தவர் எல்லாருக்கும் நன்றி. வருங்கால எழுத்தர் பிலோமினாவுக்கு முதல் வணக்கம்.