காணாமல் போன கிரைண்டர் பெல்ட்

பேரிகையிலிருந்து ஓசூருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காததால் என் காதுக்குத்தான் வேலை. மத்தியான ஷிப்டுக்குப் போகும் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் முன் சீட்டில் இருந்தார்கள்.

“வூட்டு கிரைண்டர் பெல்ட்ட நான்தாண்ணா கழட்டி ஒளிச்சு வெச்சேன்” என்றான் இளையவன்.

“ஏம்பா, புது கிரைண்டராச்சே?” என்றார் மூத்தவர்.

“அம்மாவும் எம் பொண்டாட்டியும் சண்டை போட்டுப் பேசறதே இல்லண்ணா. கிரைண்டர்னா சுவிட்சப் போட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் போயிடறாங்க. ஆட்டாங்கல்லுன்னா எதிரெதிர உக்காந்தாவணும். ஒருத்தர் சுத்தணும், ஒருத்தர் மாவு தள்ளணும்.”

“உக்காந்தாங்களா?”

“மொதல்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுதான் ஆட்டுனாங்க. அப்புறம் அம்மா, ‘வெரலு பத்திரம், நசுங்கிடப் போவுது’ன்னாங்க. நேத்து ரெண்டு பேரும் சிரிக்கிறது வாசல் வரைக்கும் கேட்டுது.”

“அப்ப பெல்ட்ட மாட்டிடு. கை வலிக்குமில்ல, பாவம்.”

“காலைல எழுந்ததும் மாட்டிட்டேண்ணா. குளிச்சிட்டு வந்து பாத்தா பெல்ட்டக் காணோம்.”

“யாரு எடுத்தது?”

“தெரில. ரெண்டு பேரும் ஊறின அரிசியோட கல்லுகிட்ட உக்காந்திருந்தாங்க. நான் கேக்கல.”