நான் நீக்கிய நான்கெழுத்து

காற்புள்ளி தப்பான இடத்தில் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால்தான், நார்வேயின் த்ரோண்ட்ஹெய்ம் நகரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து சிறு கருவிகளுக்கென்று ஒரு கணினி நிரல்மொழியை உருவாக்கியபோது, அதன் விளக்கப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். எழுத்துப்பிழை, விட்டுப்போன சொல், பழசாகிப்போன எடுத்துக்காட்டு என்று பதினொரு ஆண்டுகள் திருத்தினேன்.

ரன்ஹில் அந்த மொழியில்தான் வேலை செய்தாள். தனியாக வாழும் முதியவர்கள் அணியும் கைப்பட்டைக்கு நிரல் எழுதுவாள். அவர்கள் விழுந்தால் பட்டை பராமரிப்பு மையத்துக்குச் செய்தி அனுப்பும். போன மார்ச்சில் எங்கள் ஆண்டுக் கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் அவள் எழுந்து, நான் மாற்றி எழுதிய ஒரு பத்தி முழுக்கத் தவறு என்று காட்டினாள்.

"அவுடுன், உன் காற்புள்ளியெல்லாம் அழகா உக்காந்திருக்கு. வாக்கியம்தான் பொய் சொல்லுது," என்றாள்.

அறுபது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இடைவேளையில் அவளே எனக்கு வாஃபிள் எடுத்துவந்து தந்தாள். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதவள்.

ஏப்ரலில் அவள் எனக்கு எழுதிக் கேட்டாள்: செய்தி போகும்போது தொடர்பு அறுந்தால், மொழி தானாக மறுபடி அனுப்புமா? அனுப்பாது என்று பக்கத்தில் தெளிவாகவே இருந்தது. எங்கள் தாய்மொழியில் மறுப்புக்கு நான்கெழுத்தில் ஒரு தனிச்சொல் உண்டு. அதை நீக்கினேன்; வாக்கியம் 'தானாக அனுப்பும்' என்றாகிவிட்டது. கூடவே இருநூறு காற்புள்ளிகளையும் சரிசெய்து, எல்லாவற்றையும் 'சிறு திருத்தங்கள்' என்று பதிந்துவிட்டு, பக்கத்தின் முகவரியை அவளுக்கு அனுப்பினேன். அவள் தவறு செய்ய வேண்டும், அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து அதைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கைப்பட்டை அப்போது என் நினைவில் இல்லை என்று போன வாரம் உங்களிடம் சொன்னேன், பாதிரியாரே. இருந்தது.

நவம்பர் புயலில் ஊப்தால் பக்கம் கைபேசிக் கோபுரம் ஏழு நிமிடம் செயலற்றிருந்தது. அந்த நேரத்தில் ஹால்வர் என்ற எண்பத்தொரு வயதுக்காரர் குளியலறையில் விழுந்தார். பட்டை ஒரு தடவை அனுப்பிப் பார்த்தது. மறுபடி அனுப்பவில்லை. மூன்றாம் நாள் மகள் வந்து கதவைத் திறந்தபோது, அவர் விழுந்த இடத்திலிருந்து நான்கு மீட்டர் தவழ்ந்து வந்திருந்தார்.

நாளிதழில் செய்தியைப் படித்த மதியமே அந்தச் சொல்லைத் திரும்ப வைத்தேன். மாலையில் ரன்ஹில் அழைத்தாள்.

"நான் அதை மூணு தடவ படிச்சேன். தானா அனுப்பும்னுதான் இருந்துச்சு. இப்போ அனுப்பாதுன்னு இருக்கு. எனக்கு என்ன ஆச்சு, அவுடுன்?"

"களைச்சுப்போயிருந்திருப்ப. யாருக்கும் வர்றதுதான்," என்றேன்.

பக்கத்தின் பழைய பதிவுகள் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. அவள் புரட்டிப் பார்க்கவில்லை. என் பேச்சை நம்பினாள். வேலையை விட்டாள். அடுப்பை அணைத்தோமா என்று ஐந்தாறு தடவை போய்ப் பார்க்கிறாள் என்று அவள் கணவர் சொன்னார்.

ஜனவரியில் ஹால்வரின் மகளுக்கு அவள் ஒரு கடிதம் எழுதினாள். அனுப்புவதற்கு முன் என்னிடம் கொண்டுவந்தாள். "எழுத்து உனக்குத்தான் நல்லா வரும். ஒரு தடவ பார்த்துக் குடு," என்றாள். 'உங்கள் அப்பா என் கவனக்குறைவால் இறந்தார்' என்று தொடங்கியது. இரண்டு பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்தேன். அவள் அதை அஞ்சலில் சேர்த்தாள்.

நேற்று மகளின் பதில் வந்தது. மன்னிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாள். ரன்ஹில் அதைத் தொலைபேசியில் எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினாள்.

ஹால்வரைக் கொன்றவன் நான். சொல்லக் கூசுகிறது. இதை நவம்பரிலேயே சொல்லியிருப்பேன். ரன்ஹில் அப்போது இருந்த நிலையில் தாங்கமாட்டாள் என்று, அவள் நன்மைக்காகத்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன்.